மௌனம் என்ற சொல்லும் சதீஷ் குஜ்ராலும்

2020 மார்ச் 26-ல், தமது தொண்ணூற்று நான்காம் வயதில், சதீஷ் குஜ்ரால் டில்லியில் காலமானார். தேசம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரம் அது. நான் படித்த இரங்கல் குறிப்புகள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு சொல் தவறாமல் இடம்பெற்றிருந்தது: மௌனம். எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்த ஓவியரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே இந்தச் சொல்லிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சொல் அழகானது. அதனால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

மௌனம் என்பது பேசக்கூடியவன் பேசாதிருப்பது. அது ஒரு தேர்வு. சில சமயம் விரதம். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி மேற்கொண்டது அது. புதுக்கவிதையின் விமர்சனமும் இந்தச் சொல்லைத் தன் பங்குக்கு நிறையவே செலவழித்திருக்கிறது - வரிகளுக்கிடையிலான மௌனம், சொல்லாமல் விட்டதன் மௌனம் என்று. இவையெல்லாம் காது கேட்கிறவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த உருவகங்கள். சத்தத்தைத் தெரிந்தவனுக்கே சத்தமின்மை ஒரு பொருள். காது கேளாத ஒருவரின் அன்றாடத்தை இந்தச் சொல்லால் வர்ணிக்கும்போது, அவரை அவர் கேட்காத ஒரு பீடத்தில் ஏற்றி வைக்கிறோம். தெருவில் அவருக்குக் கிடைப்பது 'செவிடு', 'ஊமை' என்ற வசை. பத்திரிகையில் கிடைப்பது 'மௌன யோகி' என்ற ஆராதனை. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் காணாமல் போகிறார். அவருடைய ஓவியமும் காணாமல் போகிறது என்பதுதான் விமர்சகனுக்குரிய கவலை.

குஜ்ராலின் கதை தெரிந்ததுதான் என்றாலும், அதன் சில திருப்பங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது அவசியம். 1925 டிசம்பர் 25-ல், இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஜீலம் நகரில் பிறந்தவர். தந்தை அவதார் நாராயண் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அண்ணன் இந்தர் குமார் குஜ்ரால் பின்னாளில், 1997-ல், பிரதம மந்திரியானார். சிறுவயதில் காஷ்மீரின் பஹல்காமில், ஆற்றுப் பாலத்திலிருந்து விழுந்த விபத்தும் அதைத் தொடர்ந்த நோய்களும் அவருடைய கேட்கும் திறனைக் கொண்டுபோயின. வருஷக்கணக்கில் படுக்கை. பள்ளிக்கூடம் என்ற ஸ்தாபனம் அவருக்கு ஏறக்குறைய மூடிக்கொண்டது. வீட்டிலிருந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த உருதுப் புத்தகங்களும், கையில் கிடைத்த வர்ணங்களும்தான் அவருடைய கல்வி. உருதுக் கவிதை செவிக்கென்றே ஆனது, கூட்டத்தில் சொல்லி 'வாஹ்' வாங்கவேண்டியது என்பார்கள். அதை முழுக்கவும் கண்ணால் படித்து வளர்ந்தவர் இவர். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு, கவிதை காதுக்குரியது, வாய்விட்டுச் சொன்னால்தான் அதன் உருவம் தெரியும் என்ற கட்சியைத் தம் ஆயுள் பூராவும் நடத்தினார். அந்தக் கட்சிக்குக் குஜ்ராலின் வாசிப்பு ஒரு நல்ல எதிர்க்கேள்வி.

1939-ல் லாகூரின் மேயோ கலைப் பள்ளியில் சேர்ந்தார். மண், மரம், கல் என்று கைவினையும் சித்திரமும் சேர்த்துக் கற்பித்த இடம் அது. 1944-ல் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி. முற்போக்கு ஓவியர் குழு உருவாகிக்கொண்டிருந்த காலம். 1947-ல் உடல்நலம் கெட்டு படிப்பை முடிக்காமலே திரும்பினார். திரும்பிய இடத்தில் பிரிவினை காத்திருந்தது. தந்தையோடு சேர்ந்து அகதிகளை இடம்பெயர்க்கும் வேலையில் ஈடுபட்டார். அந்த வருஷங்களில் பிறந்தவைதான் அவரை முதலில் தெரியவைத்த பிரிவினை ஓவியங்கள்.

'கூட்டத் துக்கம்' என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துணியால் போர்த்திய உருவங்கள்; குனிந்த தலைகள்; முகம் பெரும்பாலும் மறைந்திருக்கிறது. துக்கத்தைச் சொல்வது உடலின் வளைவும் துணியின் கனமும்தான். இதை 'மௌன ஓலம்' என்று எழுதி முடித்துவிடுவது மிகவும் சுலபம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. 1947-ன் பஞ்சாபில் ஓலத்துக்குக் குறைவில்லை. காது கேட்கிற ஓவியனுக்கு அந்த ஓலமே முதல் அனுபவம். திறந்த வாயை வரையாமல் அவனால் இருக்க முடியாது. குஜ்ராலுக்கு அழுகை என்பது தோள் குலுங்குவது, முதுகு மடிவது, கை முகத்தைத் தேடுவது. அவர் பார்த்தது அதைத்தான். வதந்தியும் கோஷமும் அவரிடம் வந்து சேரவில்லை; உடல்கள் வந்து சேர்ந்தன. இன்மையாக இதைப் பார்க்க வேண்டியதில்லை. இது ஒரு பயிற்சி பெற்ற பார்வை. தினமும் உதடுகளையும் முகங்களையும் பார்த்தே உலகத்தோடு காரியம் நடத்த வேண்டியிருந்த ஒருவரின் தொழில்நுட்பம் என்றுகூட இதைச் சொல்லலாம்.

1952-ல் உபகாரச் சம்பளம் பெற்று மெக்ஸிகோ போனார். டில்லியில் அப்போது மெக்ஸிகோவின் தூதரகத்தில் இருந்த கவி ஆக்டேவியோ பாஸுக்கு அந்தத் தேர்வில் பங்குண்டு. மெக்ஸிகோ நகரத்தில் டியேகோ ரிவேராவிடமும் தாவீத் அல்ஃபாரோ ஸிகேரோஸிடமும் பயின்றார். அந்த வருஷங்களில் மெக்ஸிகோவின் சுவரோவிய இயக்கம் கட்டிடங்களின் உட்சுவரை விட்டு வெளிச்சுவருக்கு வந்துகொண்டிருந்தது. ஸிகேரோஸ் தேசியப் பல்கலைக்கழகத்தின் புதிய கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ரிவேரா 1953-ல் ஒரு நாடக அரங்கின் முகப்பை மொஸைக்கால் நிரப்பினார். வீதியில் போகிறவன் அண்ணாந்து பார்க்கட்டும் என்பதுதான் அந்த இயக்கத்தின் அடிப்படை. ஸ்பானிய மொழி தெரியாத வெளியூர்க்காரன் அங்கே யாராக இருந்தாலும் சைகையாலும் முகத்தாலும்தான் பிழைத்தாக வேண்டும். சொந்த ஊரில் குஜ்ராலைத் தனியனாக்கிய குறை, அந்நிய ஊரில் எல்லோருக்கும் பொதுவானதாகிவிட்டது.

திரும்பி வந்த பிறகு கண்காட்சி ஓவியராக மட்டும் அவர் நிற்கவில்லை. நேருவை வரைந்தார், பாராளுமன்ற மைய மண்டபத்தில் 1956-ல் திறந்துவைக்கப்பட்ட லாலா லஜபதி ராயின் படம் இவருடையது. பிறகு பீங்கான் ஓடுகளிலும் உலோகத்திலும் சுவரோவியங்கள், காகித ஒட்டுப்படங்கள், இயந்திர உதிரிகளில் சிற்பம், எழுபதுகளின் பிற்பகுதியில் எரித்த மரத்தில் சிற்பம். கட்டிடக் கலையில் முறையான பட்டமில்லாமலே புதுடில்லியில் பெல்ஜியத் தூதரகத்தை வடிவமைத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் எழுந்த அந்தச் செங்கல் கட்டிடத்துக்காக பெல்ஜிய அரசு அவரைக் கௌரவித்தது. ஒரே பாணியில் நின்று தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிற ஓவியர்கள் நிறைந்த நாட்டில், இருபது வருஷத்துக்குள் நாலு முறை பொருளையும் முறையையும் மாற்றியவர். இந்த அமைதியின்மையை விளக்க மௌனம் என்ற சொல் எந்த விதத்தில் பயன்படும்?

டில்லி உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் எழுத்துக்களைக் கொண்டே அவர் அமைத்த சுவரோவியம் ஒன்று இருக்கிறது. இதோடு மதறாஸின் கே.சி.எஸ். பணிக்கரை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1963 தொடங்கி 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் பணிக்கரும் எழுத்தை ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். ஆனால் பணிக்கரின் எழுத்து படிக்க முடியாதது. மலையாள லிபியின் சாயலில், அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்த கோடுகள். வாசிப்பின் பழக்கத்திலிருந்து கண்ணை விடுவிப்பது அவருடைய நோக்கம். குஜ்ராலுக்கு எழுத்திலிருந்து விடுதலை வேண்டியிருக்கவில்லை. அவருக்கு உலகத்தின் பெரும்பகுதி வந்து சேர்ந்த வழியே அது. வழக்குகள் வாய்வாதமாக நடக்கும் ஒரு கட்டிடத்தின் வெளிப்புறத்தில், காது கேளாதவர் எழுத்தை நிறுத்தியிருக்கிறார். அவர் அதை எந்த எண்ணத்தோடு செய்திருந்தாலும், அந்தச் சுவரின் முன் நிற்கிறவனுக்கு இந்த அர்த்தம் கிடைக்கவே செய்கிறது.

இவ்வளவும் ஒரு தனிமனிதனின் சாதனை. இனி வேறொரு கேள்வி. குஜ்ரால் காது கேளாத ஓவியர். அவருடையது காது கேளாதோரின் ஓவியமா?

கேள்வி விநோதமாகத் தோன்றலாம். இதைத் தெளிவாகக் கேட்டவர்கள் அமெரிக்கர்கள். காது கேளாத பெற்றோருக்கு 1934-ல் பிறந்தவர் பெட்டி ஜி. மில்லர், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் கலை ஆசிரியை. 1960-ல் அதே கல்லூரியின் ஆசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகை மொழி வெறும் அபிநயம் அல்ல, இலக்கணம் உள்ள முழு மொழி என்று நிறுவியிருந்தார். அந்த மொழி பள்ளிகளில் பல தலைமுறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. 1972-ல் மில்லர் தம் கண்காட்சியில் வைத்த ஒரு சித்திரத்தில் இரண்டு கைகள், மணிக்கட்டில் விலங்கு, விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. சைகை மொழிக்குத் தடை என்பதே அதன் தலைப்பு. டெக்ஸாஸின் ஆஸ்டினில் காது கேளாத கலைஞர்களுக்கான ஓர் அமைப்பை உருவாக்குவதில் பங்கெடுத்தார். குடிக்கு அடிமையான காது கேளாதோரிடையே ஆலோசகராகப் பல வருஷம் வேலை செய்தார். 2012-ல் காலமானார். கண்காட்சியும் சமூக வேலையும் அவரிடம் இரண்டு தொழிலாக இருக்கவில்லை.

1989-ல் மில்லரையும் சேர்த்து ஒன்பது பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். காது கேளாதவர் வரைவதெல்லாம் ஒரு வகை. காது கேளாதோராக வாழும் அனுபவத்தைப் பொருளாகக் கொள்வது வேறு வகை - இரண்டையும் குழப்பக்கூடாது என்பது அதன் சாரம். கை, கண், வாய், காது ஆகியவற்றை மிகைப்படுத்துவதும், எதிரெதிர் வர்ணங்களும் அந்த இரண்டாம் வகையின் இயல்புகள் என்று பட்டியலிட்டார்கள். கலை இயக்கங்களின் அறிக்கைகளுக்கே உரிய குறுகல் இதிலும் உண்டு. அடையாளத்தைப் பட்டியலால் நிர்ணயித்தால் சீக்கிரமே அது போஸ்டர் ஆகிவிடும். 1792-93ல் நோயால் காது போன கோயா, இந்தப் பட்டியலுக்குள் அடங்கமாட்டார். அவர் கறுப்பு ஓவியங்களைத் தீட்டிய 'செவிடன் வீடு' அவரால் அந்தப் பெயரைப் பெறவில்லை. முன்பு அங்கிருந்த வேறொரு காது கேளாதவரால் பெற்றது. ஆனால் அதே கோயா 1812-ல் விரல் எழுத்துக்களைத் தாமே வரைந்து வைத்திருக்கிறார். மற்ற காது கேளாதவர்களின் கைவழக்கத்தைத் தெரிந்துகொள்ள அவருக்கு மனமிருந்தது. எனவே அறிக்கை சரியா தவறா என்பதைவிட, அது எழுப்பிய கேள்விதான் முக்கியம்: உன் பின்னால் யார் நிற்கிறார்கள்?

குஜ்ராலின் பின்னால் குடும்பம் நின்றது. தந்தை, அண்ணன், 1957-ல் மணந்த கிரண். உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்வார்; வெளியாருக்கும் அவருக்கும் நடுவில் பெரும்பாலும் கிரண் இருந்தார். மற்ற காது கேளாதோரின் கூட்டத்துக்குள், அவர்களுடைய மொழிக்குள், அவருடைய கலை வாழ்க்கை வேர்விடவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய இளமையில் அப்படியொரு கூட்டத்தை அவர் எங்கே போய்த் தேடியிருப்பார்? 1880-ல் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, சைகையைப் பள்ளியிலிருந்து விலக்கிப் பேச்சை மட்டுமே கற்பிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அந்த மாநாட்டில் காது கேளாதவர் ஒரே ஒருவர். தீர்மானத்தின் நிழல் இந்தியப் பள்ளிகள் மேலும் விழுந்தது. அதே மாநாட்டின் வாரிசுகள் 2010-ல் வான்கூவரில் கூடித்தான் அதைக் கைவிட்டார்கள். நூற்று முப்பது வருஷம்.

ஆங்கிலத்தில் இந்தக் கூட்ட உணர்வைக் காட்ட ஒரு வழி செய்துகொண்டார்கள். காது கேளாமை என்ற உடல் நிலையைச் சிறிய எழுத்தாலும், அந்த மொழியும் வாழ்வும் உள்ள சமூகத்தைப் பெரிய எழுத்தாலும் தொடங்கி எழுதுவது. 1972-ல் மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்ட் முன்வைத்தது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. 'செவித்திறன் குறைந்தோர்' என்று சர்க்கார் மொழியில் எழுதுகிறோம், குறையிலிருந்தே ஆரம்பிக்கிறோம். அந்த மக்களை ஒரு மொழிச் சமூகமாகச் சுட்டும் சொல் நம்மிடம் இன்னும் அமையவில்லை. இதே உட்வர்ட், ஹிமாசலத்தில் பிறந்த காது கேளாத அறிஞர் மதன் வசிஷ்டாவோடு சேர்ந்து, எழுபதுகளின் இறுதியிலிருந்து இந்தியச் சைகை மொழியை ஆராய்ந்தார். டில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் சைகைகளுக்குத் தொகுதிகள் வந்தன. மதறாஸுக்கு வரவில்லை.

ஆனால் நம் பக்கத்திலேயே ஒரு பழைய கூட்டம் இருந்திருக்கிறது. குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாளையங்கோட்டையில், 1890-களின் பிற்பாதியில், ஃப்ளோரன்ஸ் ஸ்வெய்ன்ஸன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. காது கேளாத குழந்தைகளை ஒரே கூரையின் கீழ் வைத்தால், பாடத்திட்டம் என்ன சொன்னாலும், விளையாட்டு மைதானத்தில் ஒரு மொழி உண்டாகிவிடும் என்பது உலகம் முழுவதும் கண்ட உண்மை. திருநெல்வேலிச் சீமையின் கலாசார சரித்திரம் எழுதுகிறவர்கள் கம்பராமாயண வகுப்பிலிருந்து டி.கே.சி.யின் வட்டத்தொட்டி வரை எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்குகிறார்கள். இந்த மொழிக்கு ஒரு வரி இல்லை. நம் நாட்டின் இத்தகைய பள்ளிகள் தையல், தச்சு, அச்சுவேலை என்று கைத்தொழிலைக் கற்பித்தன. கை நன்றாக வேலை செய்யும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். கை எதையாவது சொல்லும் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

குற்றாலத்தில் இதற்கு ஒரு மாற்று எப்போதும் நம் கண்முன் இருந்து வந்திருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் இங்குள்ளது சித்திர சபை. சிதம்பரத்திலும் திருவாலங்காட்டிலும் மதுரையிலும் நெல்லையிலும் கூத்தன் திருமேனியாக நிற்கிறான். இங்கே சுவரில் சித்திரமாக. மார்கழித் திருவாதிரையில் தீபாராதனை அந்தச் சித்திரத்துக்குத்தான். தாளமும் உடுக்கையும் இல்லாமல் நடனத்தை நினைக்க முடியாது என்கிற மரபே, வெறும் கோட்டிலும் வர்ணத்திலும் நடனம் பூரணமாக இருக்க முடியும் என்றும் இங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரைப் பார்க்கிற யாரும் இதை 'மௌன நடனம்' என்று சொல்வதில்லை. நடனம் என்றே சொல்கிறார்கள். கேளாத ஓவியருக்கு நாம் மறுக்கிற சாதாரண நியாயம் இதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் பேரருவியின் கீழே எல்லோரும் காது கேளாதவர்களே. துண்டைக் கேட்பவனும் குழந்தையைக் கூப்பிடுகிற தாயும் ஒதுங்கச் சொல்கிற போலீஸ்காரரும் கையால்தான் பேசுகிறார்கள். யாருக்கும் அது குறையாகப் படுவதில்லை. நிலைமை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் குறை என்பதே இல்லாமல் போகிறது.

1998-ல் ஆஸ்திரேலியாவில் செய்த அறுவை சிகிச்சையால், அறுபது வருஷங்களுக்கு மேல் கழித்து, குஜ்ரால் மறுபடி ஒலியைக் கேட்டார். பத்திரிகைகளுக்கு அது உச்சக் காட்சி. அடுத்த வருஷம் பத்ம விபூஷண். ஆனால் பிரிவினை ஓவியங்களும் நீதிமன்றச் சுவரும் எரித்த மரங்களும் தூதரகமும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. தமது சுயசரிதையைக்கூட 1997-ல் வெளியிட்டுவிட்டார். கேட்கும் திறன் திரும்பியதைக் கதையின் முடிவாக வைப்பவர்கள், அந்தப் படைப்புகளையெல்லாம் ஒரு காத்திருப்பாக மாற்றிவிடுகிறார்கள்.

இந்த விருதை இன்னொரு தேதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியச் சைகை மொழிக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சிப் பயிற்சி மையம் டில்லியில் அமைந்தது 2015-ல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல். மூவாயிரம் சொற்களோடு முதல் அகராதியை அந்த மையம் வெளியிட்டது 2018-ல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேட்கும் திறனில் குறையுள்ளவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். ஒருவருக்கு உயர்ந்த விருது கொடுத்துப் பதினாறு வருஷம் கழித்துத்தான் அந்த ஐம்பது லட்சத்தின் மொழிக்கு ஒரு மேஜை நாற்காலி கிடைத்தது. மேதையைக் கொண்டாடுவது மற்றவர்களை மறப்பதற்குச் சௌகரியமான வழி. குஜ்ராலை நாம் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதே என் வாதம். அவர் அப்படிப் பயன்பட்டார் என்பதல்ல.

ஆகவே விமர்சகன் செய்ய வேண்டியது என்ன? முதலில் மௌனம் என்ற சொல்லைக் கீழே வைப்பது. அடுத்தது காரியம் சார்ந்தது. இலக்கியக் கூட்டங்களும் கவிதைப் பட்டறைகளும் குற்றாலத்துக்குப் புதிதல்ல. ஓவியக் கண்காட்சியோடு சேர்ந்து இங்கே இனி ஒரு கூட்டம் நடந்தால், பாளையங்கோட்டைப் பள்ளியில் படித்து வெளிவந்தவர்களில் வரைகிறவர்களை அழைக்க வேண்டும். பேசுகிறவருக்குப் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்க வேண்டும். இது தயவு அல்ல. எந்த விமர்சனமும் பதிலுக்கு உட்பட்டது. காது கேளாத ஓவியரின் படத்தைப் பற்றி அவர் எதிரிலேயே ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அவர் எழுந்து 'நீங்கள் சொல்வது தப்பு' என்று கையால் சொல்ல வழியில்லாமல் கூட்டத்தைக் கலைப்பதற்கு விமர்சனம் என்று பெயரில்லை.